வல்லாரையைத் தேடி, வளர்த்து, சாப்பிட: மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வல்லாரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டவர்களில் பலர் அதன் பூவைப் பார்த்ததே இல்லை. உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேட்டுப் பாருங்கள். "வல்லாரைக்குப் பூவா?" என்றுதான் பதில் வரும். பூ இருக்கிறது. மண்ணோடு ஒட்டி, இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும் இந்த வழிகாட்டியில் ஒரு வேலை.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே வாசித்துச் செய்யும்படி இதை எழுதியிருக்கிறேன். ஆனால் கத்தி, அடுப்பு, சூடான ஆணி வருகிற இடங்களில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். ஓடைக்குப் போகும்போதும் அப்படித்தான்.

வல்லாரைக்கு ஈரம் வேண்டும். ஓடைக்கரை, பீலிக்கரை (பீலி என்றால் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் வந்து விழுகிற இடம்), வயல் வரப்பு, தண்ணீர் கசிகிற புல்வெளி எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். ஆழமான தண்ணீருக்குள் இருக்காது. காலை வைத்தால் சதக்கென்று மிதிபடுகிற மண்ணில்தான் படரும். இலங்கையில் மட்டுமில்லை, இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, மடகஸ்கார் என்று வெயிலும் மழையும் உள்ள பல நாடுகளில் இது தானாக வளர்கிறது. சந்தையில் சிங்களத்தில் 'கொட்டுகொல' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். விஞ்ஞானப் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிக்கா. கொத்தமல்லி, கரட், பெருஞ்சீரகம் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம்.

முதலாம் படி: இதுதான் வல்லாரை என்று உறுதி செய்வது

அவசரப்படக் கூடாத படி இதுதான். வட்ட இலையோடு தரையில் படர்கிற செடிகள் நம் மலைகளில் நிறைய உண்டு. பச்சையாக, வட்டமாக இருப்பதெல்லாம் வல்லாரை இல்லை. கீழே சொல்கிற ஒவ்வொன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இலையை முதலில் பாருங்கள். பாதி வட்டத்துக்கும் முழு வட்டத்துக்கும் நடுவில் ஒரு வடிவம். ஓரம் முழுவதும் சிறு சிறு வளைவுகளாக வெட்டுப்பட்டிருக்கும். கூரான பல் இருக்காது. இலையின் ஒரு பக்கத்தில் உள்நோக்கி ஒரு பிளவு தெரியும். காம்பு அந்தப் பிளவில்தான் வந்து சேரும். அங்கிருந்து நரம்புகள் விரல்களை விரித்த மாதிரி ஓரத்தை நோக்கிப் பிரியும். காட்டில் தானாக வளர்ந்தது என்றால் இலை பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. அகலம்தான். சந்தையில் வருகிற பயிர்ச்செடி கொஞ்சம் பெரிது.

இனி, ஏமாற்றுகிற செடிகள். குடையின் கம்பி போலக் காம்பு இலையின் நடுவில் வந்து ஒட்டியிருந்தால் அது வல்லாரை இல்லை. குளத்தோரங்களிலும் அழகுக்கு வைக்கிற தொட்டிகளிலும் அந்தச் செடி இருக்கும். இலையோரத்தில் வெட்டே இல்லாமல் வழவழவென்று இருந்தாலும் இல்லை. இலை சின்னஞ்சிறியதாக, ஆழமாகப் பிரிந்து, பளபளவென்று புல்தரையில் பாய் விரித்திருந்தால் அதுவும் வேறு. இந்த ஏமாற்றுக்காரர்களில் சிலதை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே வல்லாரையோடு ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய செடிகளைச் சேர்த்து வைக்கிற ஒரே பிரிவில்தான் வைத்திருந்தார்கள். லின்னேயஸ் 1753இல் வல்லாரைக்கு 'ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிக்கா' என்று பெயர் வைத்தார். 1879இல்தான் உர்பன் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார். ஆகையால் உங்களுக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்படத் தேவையில்லை.

அடுத்தது கொடி. ஒரு செடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மண்ணுக்கு மேலே மெல்லிய கொடி ஒன்று ஓடும். சில நேரம் அது சிவப்போடியிருக்கும். கொடியில் அங்கங்கே கணு இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர், மேலே இலைக்கொத்து. ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியான நீளக் காம்பு. நிமிர்ந்து நிற்கிற தண்டு என்று ஒன்று இந்தச் செடிக்குக் கிடையாது. பார்க்கிற செடிக்குத் தண்டு இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பூ. இலைகளை ஒதுக்கிவிட்டு, கணுவுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட மண்ணைத் தொடுகிற உயரத்தில் தேடுங்கள். இலைக்காம்பைவிடப் பூக்காம்பு குட்டை. அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று பூக்கள் கூடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ். வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு, சில இடங்களில் ஊதா. இதழ் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும் என்பதால் பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அண்ணன் அக்காவின் தொலைபேசிக் கமராவில் கிட்ட வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நன்றாகத் தெரியும்.

பூ முடிந்ததும் தட்டையான சிறு காய் வரும். முற்றிய காயைக் கிடைத்தால் எடுத்து, வீட்டில் இருமலுக்கு அவித்துக் கொடுக்கிற கொத்தமல்லி விதை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் விரலால் நசுக்குங்கள். இரண்டுமே சரிபாதியாக இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேறில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "கசக்கிறதா பார்ப்போம்" என்று வாயில் வைத்துச் சோதிக்காதீர்கள். எத்தனையோ செடி கசக்கும்.

இரண்டாம் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது

செடி வல்லாரைதான் என்று உறுதியாகிவிட்டது. சரி, பறித்துச் சாப்பிடலாமா? இன்னும் இல்லை. என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஞாபகம் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள்.

வல்லாரை நிற்கிற இடத்தில் நின்று மேலே பாருங்கள். மலையில் தண்ணீர் எப்போதும் மேலிருந்து எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். மேலே தேயிலை மட்டம் இருந்தால், அங்கே போட்ட யூரியாவும் அடித்த புல் மருந்தும் மழையோடு கானில், அதாவது வடிகாலில், இறங்கும். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் என்றால் மேலே கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டம் இருக்கும். அங்கே மருந்து இன்னும் அடிக்கடி. மாட்டுப்பட்டி இருந்தால் சாணித் தண்ணீர். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே என்றால் கக்கூஸ் குழியின் கசிவு.

லயத்துப் பீலியைச் சொல்லாமல் விட முடியாது. குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீர் வடிந்து ஓடுகிற கான் ஓரத்தில் வல்லாரை கொழுகொழுவென்று, பார்த்தாலே பறிக்கத் தோன்றுகிற மாதிரி வளரும். அது அப்படி வளர்வதற்குக் காரணமே அந்த அழுக்குத் தண்ணீர்தான். சோப்பு, சாம்பல், கழிவு எல்லாம் அதற்கு உரம். அங்கே பூ பார்க்கலாம், படம் வரையலாம். பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். கிருமியில் ஒரு பகுதி போகும். ஆனால் வல்லாரை வேர் வழியாகவும் இழுக்கும். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் மண்ணில் இருந்தால் அவற்றை எடுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். இலைக்குள்ளே போனதை எந்தத் தண்ணீரும் கழுவாது. அதனால் வாகனம் ஓடுகிற பெரிய தெரு ஓரம், கராஜ் பக்கம், குப்பை கொட்டுகிற இடம் எல்லாம் கணக்கில் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சதுப்பு நிலத்துத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் புண் இருந்தால் அதன் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். புண்ணோடு இறங்காதீர்கள், பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அட்டை ஏறினால் அலறிப் பிய்த்து எறியத் தேவையில்லை. கொஞ்சம் உப்பு அல்லது சவர்க்கார நுரை போதும், தானே விழும்.

ஹோர்ட்டன் சமவெளி மாதிரித் தேசியப் பூங்காக்களில் எந்தச் செடியையும் பறிக்கக் கூடாது, சட்டம் அது. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவிலும் அப்படித்தான். சுற்றுலா போனால் கண்ணால் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களுக்கே ஒரு யோசனை வந்திருக்கும். வெளியே வளர்ந்த இலையை நம்புவது கஷ்டம் என்றால், நாமே நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டால் என்ன? அதுதான் அடுத்த படி.

மூன்றாம் படி: நாற்று எடுப்பது

விதை தேடி அலைய வேண்டாம், அது முளைக்க நாளாகும். கொடித் துண்டு போதும்.

வழி ஒன்று: ஏற்கெனவே வளர்க்கிற வீட்டில் கேட்டு வாங்குவது. பெரும்பாலான தோட்டங்களில் யாராவது ஒருவர் வாசலில் வைத்திருப்பார்கள். வழி இரண்டு: சந்தையில் ஒரு கட்டு வாங்கி, அடிப்பகுதியைப் பிரித்துப் பார்ப்பது. சில கட்டுகளில் கொடியும் கணுவும் வேரும் ஒட்டிக்கொண்டே வரும். இலையைக் கறிக்கு எடுத்துவிட்டு அந்த அடியை நட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். ஒரே காசுக்கு இரண்டு வேலை.

ஒவ்வொரு துண்டிலும் வேருள்ள கணு இரண்டு மூன்றாவது இருக்கட்டும். உடனே நட முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், மறுநாள் வரை தாங்கும். பெரிய இலைகளில் பாதியைக் கிள்ளிவிடுங்கள். வேர் பிடிக்கும் முன்னால் நிறைய இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிச் செடி வாடிவிடும்.

எப்போது நடுவது? அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். நட்டது அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மழை குறைகிறபோது நடுங்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒக்டோபரில் தொடங்குகிற மழை நல்லது. நுவரெலியாவில் இருப்பவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் நடாதீர்கள். 1868 மீட்டர் உயரத்தில் அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி விழும். வல்லாரைக்கு அது ஆகாது.

நான்காம் படி: தொட்டி தயாரித்து நடுவது

வல்லாரை கீழே போகாது, பக்கவாட்டில்தான் ஓடும். அதனால் ஆழமான வாளியைவிட அகலமான பழைய பேசின் மேல். அரை அடி ஆழம் போதும். ஓட்டை விழுந்த பேசின் என்றால் ரொம்ப வசதி. இல்லாவிட்டால் அடியில் ஐந்தாறு துளை வேண்டும். ஆணியைச் சூடாக்கிக் குத்துகிற வேலையை அப்பாவோ மாமாவோ செய்யட்டும். உரம் வந்த சாக்கு, மருந்து வந்த கலன், பெயின்ற் வாளி ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். அரிசிச் சாக்கை வாய் மடித்து வைத்தால் அதுவும் ஒரு தொட்டிதான்.

மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு அல்லது பழைய மாட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணி வேண்டாம். மண்ணைத் தேயிலை மட்டத்திலிருந்தோ மரக்கறித் தோட்டத்திலிருந்தோ அள்ளாமல், மருந்து படாத இடத்திலிருந்து எடுங்கள். கையால் பிசைந்து கட்டிகளை உடைத்து, பேசினின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். அந்த இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது மண்ணெல்லாம் வெளியே வழியும்.

கொடித் துண்டைப் படுக்கவையுங்கள். நட்டுக்குத்தாக நடுவதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறு, பெரியவர்களும்தான். கணு மட்டும் மண்ணுக்குள் ஒரு விரல்நுனி ஆழம் போகட்டும், இலை வெளியே இருக்கட்டும். துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடைவெளி. மேலே பூவாளியால் மெதுவாகத் தண்ணீர். பூவாளி இல்லையா? யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் துளை போட்டால் ஒரு பூவாளி ஆகிவிடும்.

முதல் வாரம் நல்ல நிழல். அப்புறம் காலை வெயில் படுகிற, மத்தியானம் நிழல் விழுகிற இடம். லயத்துச் சுவர் ஓரம் பெரும்பாலும் இதற்குச் சரியாக அமையும். கோழியை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், கிளறிவிடும்.

ஐந்தாம் படி: பார்த்துக்கொள்வது, பார்த்துக் கற்பது

தினம் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டவேண்டும், ஆனால் மேலே குளமாகத் தேங்கக் கூடாது. ஊற்றுவது குடிக்க எடுக்கிற அதே தண்ணீராக இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்குகிற தண்ணீரை ஒவ்வொரு நாளும் கொட்டிவிடுங்கள். விட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும். வல்லாரை வளர்த்து வீட்டுக்கு டெங்கு கொண்டுவந்தோம் என்று பேர் வாங்க வேண்டாம்.

களை முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். அதிலும் கவனம் வேண்டும், உள்ளே வேறு வட்ட இலைச் செடி ஏதும் கலந்து வந்திருக்கலாம். முதலாம் படியில் படித்ததை இங்கே பயன்படுத்துங்கள். நத்தை வந்தால் குச்சியால் எடுத்து அகற்றுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். சில நத்தைகளின் உடலில் மனிதருக்கு நோய் தரக்கூடிய புழு இருக்கும். அதன் சளி பட்ட இலையையும் எறிந்துவிடுங்கள்.

இப்போது கொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடியிடம் செய்து பார்க்க நல்ல சோதனைகள் உண்டு.

கொடியின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை மண்ணில் குத்துங்கள். வாராவாரம் நுனி அந்தக் குச்சியைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று நூலால் அளந்து எழுதுங்கள். மழை வாரத்தையும் வெயில் வாரத்தையும் ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும்.

இரண்டு தொட்டி இருந்தால் ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டிலிருந்தும் ஒவ்வோர் இலையைக் காம்போடு பறித்து அடிமட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். நிழலில் வளர்ந்ததற்குத்தான் காம்பு நீளமாக இருக்கும். வெளிச்சம் தேடி இலையை மேலே தூக்கிப் பிடிக்கிறது செடி. வெயிலில் இருப்பதற்கு அந்த அவசரம் இல்லை, குட்டையாகத் தரையோடு கிடக்கும்.

மூன்றாவது சோதனைக்குத் துணிச்சல் வேண்டும். வேர்பிடித்த இரண்டு கணுக்களுக்கு நடுவில் கொடியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் வாடாமல் தனித்தனிச் செடியாக வாழும். ஒவ்வொரு கணுவுக்கும் சொந்த வேர் இருப்பதால்தான் இது முடிகிறது.

பூ தேடுவதை நட்டு இரண்டு மாதம் போன பிறகு தொடங்குங்கள். முகத்தைத் தொட்டியின் விளிம்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேலே நின்று குனிந்து பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் படாது.

ஆறாம் படி: பறிப்பதும் கழுவுவதும்

நட்டு இரண்டு மூன்று மாதத்தில் தொட்டி நிறையும். நுவரெலியாக் குளிரில் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். காலையில் பறியுங்கள். இலையைப் பிடித்து இழுக்காமல், காம்பை அடியில் நகத்தாலோ கத்தரிக்கோலாலோ வெட்டுங்கள். இழுத்தால் கணுவோடு பிடுங்கிக்கொண்டு வரும். மூன்றில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வையுங்கள்.

கழுவும்போது கட்டாகப் பிடித்துத் தண்ணீரில் அலசுவது போதாது. ஒவ்வோர் இலையாக, ஓடுகிற தண்ணீரில், மேல்பக்கமும் அடிப்பக்கமும் விரலால் தடவிக் கழுவுங்கள். பிளவு உள்ள இடத்தில்தான் மண் ஒளிந்திருக்கும். பழுப்பு இலை, ஓட்டை விழுந்த இலை எல்லாம் ஒதுக்குங்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் சிறு பூச்சிகள் வெளியே வரும். ஆனால் எல்லாக் கிருமியும் அதில் சாகாது. சந்தை இலை, தெரியாத இடத்து இலை என்றால் பச்சைச் சம்பலை மறந்துவிட்டு வேகவைத்துச் சாப்பிடுங்கள். உங்கள் சொந்தத் தொட்டி இலைக்குத்தான் சம்பல்.

ஏழாம் படி: சமைப்பது

வல்லாரைச் சம்பல்: நாலு பேருக்கு இரண்டு கைப்பிடி இலை எடுங்கள். இலைகளை அடுக்கிச் சுருட்டி, முடிந்தவரை மெல்லியதாக அரியவேண்டும். மெல்லியதாக அரிந்தால் கசப்புத் தெரியாது, தடிப்பாக அரிந்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். சம்பலின் ரகசியம் முழுவதும் இந்தக் கத்தி வேலையில்தான் இருக்கிறது, அதனால் அதை அம்மாவிடம் விடுங்கள். உங்கள் வேலை பிசைவது. ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் ஒரு கரண்டி மாசித்தூள். வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பை முதலில் பிசைந்து, பிறகு இலையைப் போட்டு நுனிவிரலால் கலந்து, சாப்பிட உட்காரும்போது தேசிக்காய் பாதியைப் பிழியுங்கள். முன்கூட்டியே பிழிந்தால் இலை சோர்ந்து கறுத்துப்போகும்.

இலைக்கஞ்சி: மலையகத்துக் குளிர் காலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அரைக் கோப்பை சிவப்பரிசியைக் கழுவி, ஆறு கோப்பை தண்ணீர், இரண்டு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சியோடு குழைய வேகவிடுங்கள். கொழும்பில் இருக்கிற சித்தி வீட்டைவிட இங்கே நேரம் கூட எடுக்கும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும், 100 வரை போகாது. அரிசி குழைந்ததும் ஒரு கைப்பிடி வல்லாரையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி வையுங்கள். கஞ்சியில் அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், உப்புச் சேர்த்து, கடைசியாகப் பச்சைச் சாற்றை ஊற்றி இரண்டொரு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். அதற்கு மேல் விட்டால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும், கஞ்சிக்குள் போட்டுக் கரைக்கக் கூடாது. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள்.

கசப்பே ஆகாது என்பவர்களுக்கு அப்பாயி செய்கிற துவையல் இருக்கிறது. உளுந்து, செத்தல் மிளகாய் வறுத்து, இலையை எண்ணெயில் வதக்கி, புளி, தேங்காய் வைத்து அம்மியில் அரைத்தால் வல்லாரை என்று சொன்னால்தான் தெரியும். பருப்புக் கறி இறக்கும் முன் ஒரு பிடி அரிந்து போட்டாலும் நன்றாக இருக்கும்.

எட்டாம் படி: மருந்து என்று சொல்வதைப் புரிந்துகொள்வது

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வல்லாரையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. இலையில் ஏசியாட்டிகோசைட், மடேகாசோசைட் என்ற பொருள்கள் இருக்கின்றன. புண் ஆறும்போது தோலைக் கட்டுகிற கொலாஜன் என்ற புரதம் உருவாக இவை உதவுவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இவற்றைச் சேர்த்துச் செய்த களிம்புகள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. அதற்காக முழங்காலில் அடிபட்டதும் இலையைக் கசக்கி வைத்துக் கட்டாதீர்கள். இலையில் மண் இருக்கும், மண்ணில் கிருமி இருக்கும். புண்ணைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆழமாக இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

அடுத்தது ஞாபகசக்தி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் எல்லா வீட்டிலும் வல்லாரை வந்துவிடும். மூளைக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. ஆனால் சாப்பிட்ட பிள்ளைக்குப் புள்ளி கூடும் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. நல்ல கீரை என்பதற்காகச் சாப்பிடுங்கள். கரட்டில் இருக்கிற மாதிரி, உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறுகிற பொருள் இதில் உண்டு, கல்சியமும் இரும்பும் உண்டு. அதுவே போதுமான காரணம். பரீட்சைக்குப் படிக்கத்தான் வேண்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரையாகச் சாப்பிடுவது ஒன்று, மாத்திரையாகவோ சாறாகவோ தினமும் நிறைய எடுப்பது வேறு. வல்லாரை மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்தவர்கள் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. ஈரல் நோய் உள்ளவர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அம்மாமார், நித்திரைக்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் மருந்தாக எடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்குச் சாறு கொடுப்பதும் வேண்டாம். யாருக்காவது சாப்பிட்ட பிறகு தோலில் தடிப்போ அரிப்போ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: பிரித்து நடுவதும் கொடுப்பதும்

ஒரு வருடம் தாண்டினால் தொட்டி நெருக்கமாகி இலை சிறுக்கத் தொடங்கும். அப்போது முழுவதையும் மண்ணோடு கவிழ்த்து, பழைய தடித்த கொடிகளை எறிந்துவிட்டு, இளம் கொடிகளைப் புது மண்ணில் மறுபடி நடுங்கள். மிஞ்சுகிற துண்டுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்கு ஒரு தொட்டி வைக்க ஆசிரியர் இடம் தராமலா போவார். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஒரு தொட்டி வைத்தாலும் நல்லது. ஆனால் அங்கே உள்ள சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

யாருக்குக் கொடுத்தாலும் கொடியில் கணு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். இலையையும் காம்பையும் மட்டும் கிள்ளிக் கொடுத்தால், அவர்கள் நட்டுவிட்டு உங்களைத்தான் திட்டுவார்கள்.